கொழும்பு மழையில் கடதாசிப்பூ: முதன்முதல் வளர்ப்பவருக்கு

வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குக் குடிவந்த முதல் வருஷம் ஒரு போகன்வில்லாக் கன்று வாங்கினேன். ஊரில் நாங்கள் கடதாசிப்பூ என்போம். வாங்கின அன்று இலை தெரியாத அளவுக்குப் பூ. காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி, கிழமைக்கு ஒருக்கால் ஒரு பிடி யூரியா என்று பிள்ளையைப் போலப் பார்த்தேன். பத்து நாளில் பூ முழுக்கக் கொட்டியது. அதற்குப் பிறகு எட்டு மாதம் வந்ததெல்லாம் இலையும் முள்ளும்தான். ஒரு கொப்பு பல்கனிக் கம்பியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சேலையைக் கிழித்து, அதற்கும் பேச்சு வாங்கினேன்.

தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போய் மூன்று கிழமை நின்றுவிட்டேன். செடி செத்திருக்கும் என்று நினைத்தபடிதான் திரும்பி வந்து பல்கனிக் கதவைத் திறந்தேன். இலை பாதி உதிர்ந்து, மண் வெடித்து, கொப்பு நுனியெல்லாம் ஊதா அரும்பு. அம்மம்மாவுக்குப் போனில் சொன்னால் சிரிக்கிறா: “உதுக்கு ஆர் தண்ணி ஊத்தச் சொன்னது? எங்கட வேலிக்கு ஆராவது ஊத்தினவையே?”

ஊர் வேலிக்கு ஒருவரும் ஊற்றவில்லை என்பது உண்மை. ஆனால் கொழும்பில் நாம் ஊற்றாவிட்டாலும் வானம் ஊற்றும். வருஷத்துக்கு 2400 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் நகரம் இது. யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ அதன் பாதி, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்து முடிந்துவிடும். ஆகவே வறட்சி தாங்கும் செடி என்று சொல்லி விற்கப்படும் இதை இங்கே வளர்ப்பதற்குப் படிக்க வேண்டிய முதல் பாடம், மழையை எப்படி மறிப்பது என்பதுதான். கீழே வருவதெல்லாம் அதைச் சுற்றியே.

பூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள்

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். நாம் பூ என்று நினைக்கும், நிறமுள்ள மூன்று இதழ்களும் நரம்போடிய இலைகள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் மாவிலையில் போலவே நரம்பு தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் தீக்குச்சி அளவில் ஒரு குழாய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் வெள்ளையாக விரியும் சிறிய நட்சத்திரம்தான் உண்மையான பூ. அந்திமந்தாரையும் இதே குடும்பம்தான்.

சொந்த ஊர் தென்னமெரிக்கா. பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பயணத்தில், கூடப்போன தாவரவியலாளர் கொமர்சன் 1767இல் ரியோ டி ஜெனெய்ரோவில் இதைக் கண்டு தலைவரின் பெயரை வைத்தார். கொமர்சனுக்கு உதவியாளாக, ஆண் வேடத்தில் ஜான் பாரே என்ற பெண்ணும் அந்தக் கப்பலில் இருந்தார். செடிக்குத் தலைவர் பெயர் கிடைத்தது. மூட்டை சுமந்தவரின் பெயர் ஒரு செடிக்கு நிலைக்க 2012 வரை ஆனது.

வளர்ப்பவருக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். புதிதாக ஓடும் இளங்கொப்பில்தான் நிறம் வரும். மண்ணில் ஈரமும் யூரியாவும் தாராளமாக இருந்தால் செடி பச்சை இலையாகவே போட்டுக்கொண்டு போகும். நிறம் காட்ட அதற்கு அவசரம் இல்லை.

இடம் பார்த்த பிறகு கன்று

பலர் கன்றை வாங்கிவிட்டு இடம் தேடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நின்று, எந்த மூலையில் எத்தனை மணிநேரம் நேர் வெயில் விழுகிறது என்று பாருங்கள். ஐந்து, ஆறு மணிநேரம் வேண்டும். வெளிச்சம் போதாது, வெயிலே விழவேண்டும். காலி வீதிக்குக் கடற்பக்கம் இருக்கும் தொடர்மாடிகளில் மேற்குப் பார்த்த பல்கனி அருமையான இடம்: மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில், மேல்மாடித் தளம் கூரையாக நிற்பதால் மழை பாதிக்கு மேல் படாது. உப்புக் காற்றுக்கு ரோசா கருகும் இடத்திலும் போகன்வில்லா நிற்கும். வடக்குப் பார்த்த, பக்கத்துக் கட்டடம் மறைக்கும் பல்கனி என்றால் இந்தச் செடியை விட்டுவிடுங்கள், மணிப்பிளாண்ட் வளர்க்கலாம்.

கன்று வாங்கப் பத்தரமுல்லப் பக்கம் போகலாம். அங்குள்ள தியத உயன பூங்காவிலும் பூங்கன்றுக் கடைகள் இருக்கின்றன. பூத்துக் குலுங்குவதைப் பார்த்து மயங்காதீர்கள். இடம் மாறின அதிர்ச்சியில் அந்தப் பூ எப்படியும் கொட்டும். நிறத்தைத் தெரிந்துகொள்ள நாலு பூ போதும். அடித்தண்டு பென்சிலை விடத் தடிப்பாக இருக்கிறதா, இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சுபோலப் பூச்சி இருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். ஒரு கடையில் எனக்கு ‘ஒரே செடியில் இரண்டு நிறம்’ என்று விற்றது, ஒரே சாடியில் நெருக்கி ஊன்றிய இரண்டு தடிகள். அடியை விரலால் கிண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உண்மையாகவே ஒரே கொப்பில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பூக்கும் இனமும் உண்டு. ‘மேரி பாமர்’ என்று கேளுங்கள்.

சாடியில் வைக்கும் முறை

புதியவர்கள் நிலத்தில் தொடங்குவதை விடச் சாடியில் தொடங்குவது நல்லது. மழை வந்தால் சாடியை நகர்த்தலாம், மதிலை நகர்த்த முடியாது.

1. 10 அல்லது 12 அங்குல மண் சாடி எடுங்கள். பிளாஸ்டிக்கை விட மண் சாடி வேகமாகக் காயும். கொழும்புக்கு அதுதான் வேண்டும். அடியில் ஓட்டை ஒன்றுதான் இருந்தால் இன்னும் இரண்டு துளையுங்கள். பெரிய சாடி வேண்டாம். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும்.

2. மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. வளவில் கபுக் கல்லுக்கு (செம்புரைக்கல்) மேல் கிடக்கும் சிவப்புச் சரளை மண் கிடைத்தால் விடாதீர்கள்: தண்ணீர் நிற்காது, கொஞ்சம் புளிப்புத் தன்மையும் உண்டு, இந்தச் செடிக்கு இரண்டும் பிடிக்கும். தும்புத்தூளை மட்டும் நிரப்பி வைத்தால் மழைக்காலம் முழுக்க ஈரப் பஞ்சுபோல இருக்கும். ‘கடல் பக்கத்தில்தானே’ என்று கரை மணலை அள்ளி வருவதும் கூடாது. உப்புக் காற்றைத் தாங்கும் என்பதற்காக உப்பிலேயே நடுவதா?

3. அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு இரண்டு அங்குலம்.

4. கன்றைப் பையிலிருந்து எடுப்பதில்தான் பல கன்றுகள் சாகின்றன. போகன்வில்லாவின் வேர் நூல்போல மெல்லியது, தொட்டால் அறும். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. முதல் நாள் தண்ணீர் விட்டு மண்ணை இறுக விடுங்கள். பிறகு பையின் அடியைப் பிளேட்டால் வட்டமாக வெட்டி, அப்படியே சாடிக்குள் இறக்கி, பக்கத்தைக் கீறிப் பையை மேலாக உருவுங்கள். வேரை உதறவோ கழுவவோ வேண்டாம்.

5. சுற்றிலும் மண் போட்டு, விளிம்பில் ஓர் அங்குலம் விட்டு, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றி, நாலைந்து நாள் இளநிழலில் வைத்துவிட்டு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். வேர் அழுகும் என்பது ஒரு பக்கம். தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும் என்பது பெரிய பக்கம். 2017இல் நாட்டில் 180,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானதை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீடு வீடாகப் பரிசோதிக்க வருபவர்கள் முதலில் பார்ப்பதும் பூச்சாடியின் அடியைத்தான். ஆனால் தட்டில்லாமல் ஊற்றினால் கீழ்வீட்டுப் பல்கனியில் சொட்டும், அங்கிருந்து வேறு சத்தம் வரும். நான் செய்வது: அகன்ற தட்டில் விளிம்புவரை மணல் நிரப்பி, அதன் மேல் இரண்டு செங்கல், செங்கல் மேல் சாடி. வடிவது மணலுக்குள் போகும், மேலே தண்ணீர் தேங்காது. அடைமழை நாளில் மணலும் ஊறி மேலே நீர் தெரிந்தால் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீர்: கை அரிப்பை அடக்குங்கள்

நட்ட முதல் மாதம் மண் ஈரமாக இருக்கட்டும். புதுத்துளிர் ஓடத் தொடங்கியதும் பழக்கத்தை மாற்ற வேண்டும். சுட்டுவிரலை இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் வாளியை வைத்துவிட்டுப் போங்கள். கொஞ்ச நாளில் விரல்கூடத் தேவைப்படாது. சாடியை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தாலே பாரத்தில் தெரிந்துவிடும்.

பூக்க வைக்க ஒரு படி மேலே போக வேண்டும். இளம் இலைகள் மெல்லத் தலை தொங்கும்வரை தண்ணீர் விடாமல் இருங்கள். தொங்கிய அன்று பின்னேரம் அரைவாசி அளவு ஊற்றுங்கள். அடுத்த நாள் காலை நிமிர்ந்திருக்கும். மறுபடி தொங்கட்டும். இப்படி மூன்று, நாலு கிழமை போனால் இலைக் கக்கத்தில் நிறம் தெரியும். தெரிந்த பிறகும் பட்டினி போட்டால் அரும்பு உதிரும். அரும்பு கண்டதும் ஒழுங்காக, அளவாகத் தண்ணீர் கொடுங்கள். என் மூன்று கிழமை யாழ்ப்பாணப் பயணம் தெரியாமல் செய்தது இதைத்தான்.

பசளை விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், யூரியாவை மறந்துவிடுங்கள். பொட்டாசியம் கூடின பூச்செடிப் பசளையைப் பொதியில் போட்டிருக்கும் அளவில் பாதி, மாதம் ஒருமுறை, ஈர மண்ணில் போட்டால் போதும். வாழைப்பழத் தோலைப் புதைக்கச் சொல்லும் வீடியோக்களை நானும் பார்த்தேன், செய்தும் பார்த்தேன். எறும்பு வந்தது.

எங்கெல்லாம் வைக்கலாம்

*மொட்டைமாடி.* வெயிலுக்கு இதைவிட இடமில்லை. ஆனால் நனைந்த 14 அங்குலச் சாடியை ஓர் ஆள் லேசில் தூக்க முடியாது. பத்துச் சாடியை நடுத்தளத்தில் கூட்டி வைக்காமல், தூணும் உத்தரமும் வரும் ஓரங்களில் பரப்புங்கள். செங்கல் மேல் வைக்காவிட்டால் ஓட்டை வழியாக வேர் இறங்கிச் சீமெந்து வெடிப்பைத் தேடும். மே மாதக் காற்றுக்கு உயரமான செடி சாடியோடு சரியும், கம்பியோடு கட்டிவையுங்கள். கைபிடிச் சுவரின் மேல் மட்டும் சாடி வைக்காதீர்கள். கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

*மதில்.* ஆறு, ஏழு பேர்ச் வளவில் வீடு கட்டி முடிந்தால் மிஞ்சுவது மதிலோர ஓரடி நிலம்தான். அதற்கு இது பொருத்தமானது. ஆனால் புதியவர்கள் ஏமாறும் இடமும் இதுவே: போகன்வில்லா தானாக மதிலில் ஒட்டாது. பற்றுவேரும் இல்லை, சுருள்தந்தும் இல்லை. முள்ளை மாட்டி மாட்டி மற்றதன் மேல் சாய்ந்து ஏறுகிற சாதி. ஆகவே மதிலில் இரண்டடிக்கு ஒரு கொளுக்கி அடித்து, மூன்று வரிசை கம்பி இழுத்து, கொப்பைத் தும்புக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்கம்பியால் நேரே கட்டினால் தண்டு பருக்கும்போது கழுத்தை நெரிக்கும். கொப்பை மேலே விடாமல் கிடையாக வளைத்துக் கட்டுவதுதான் இதில் சூட்சுமம். நிமிர்ந்து ஓடும் கொப்பு நுனியில் மட்டும் பூக்கும். கிடையாகக் கட்டியது ஒவ்வொரு கணுவிலும் துளிர் விட்டு நீளம் முழுக்கப் பூக்கும். ஒழுங்கைப் பக்கம் தொங்குவதை ஏழடிக்குக் கீழே வரவிடாதீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே முள் நிற்கும். மின்கம்பியை எட்டும் கொப்பை நீங்களே வெட்ட ஏறவும் வேண்டாம்.

தாழ்ந்த நிலமாக இருந்தால் நேரே குழி வெட்டாமல் ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி மண் நிரப்பி நடுங்கள். (வெள்ளவத்தை என்ற பெயருக்கும் நம் வெள்ளத்துக்கும் தொடர்பில்லை, சிங்களத்தில் ‘வெல்ல’ என்றால் கரை மணல். ஆனாலும் கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கைகளில் இருப்பவர்கள் தமிழ்ப் பொருளையே நம்பலாம்.)

*வேலி.* மூன்றடிக்கு ஒரு கன்று, இடுப்பளவில் நிறுத்தி அடிக்கடி வெட்டு. ஆடும் மாடும் ஏன், ஆளும் நுழையாது. ஒழுங்காக வெட்டப்படும் வேலியில் பூ குறையும், அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

*கேற்றுக்கு மேல் வளைவு, கார்த் தரிப்புக் கூரை.* படம் எடுக்க அழகு. கூரைப் பீலிக்குப் பக்கத்தில் மட்டும் ஏற்றாதீர்கள். உதிரும் பூ கடதாசிபோல லேசானது, மக்க நாளாகும். பீலியில் சேர்ந்து அடைத்து, மேலே ஒருவரும் பார்க்காத ஒரு நுளம்புக் குளத்தை உண்டாக்கும். ஏற்றித்தான் ஆவேன் என்றால் மாதம் இருமுறை ஏணி வைக்க ஆள் இருக்க வேண்டும்.

*குடைமரம்.* எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நேரான ஒரு தண்டைத் தெரிவுசெய்து, தடியோடு கட்டி, பக்கத் துளிரையெல்லாம் கிள்ளி, நாலடி வந்ததும் தலையை வெட்டுங்கள். மேலே விடும் துளிர்களை நாலு இலைக்கு ஒருமுறை கிள்ளிக்கொண்டே வந்தால் இரண்டு வருஷத்தில் குடைபோல நிற்கும். அடியில் இடம் மிச்சம், கால் கீறாது, வாசலுக்கு இரண்டு பக்கமும் வைத்தால் கலியாண வீடு மாதிரி.

சாமிப்படத்துக்கு வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் வைப்பதில்லை. “மணமும் இல்லை, மாலையும் கட்டேலாது” என்பது அம்மம்மாவின் தீர்ப்பு. உதிர்ந்ததைப் பொறுக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டால் பல நாள் நிறம் மங்காமல் கிடக்கும்.

எப்போது வெட்டுவது

கொழும்பில் மே மாதமும், ஒக்டோபர், நவம்பரும் கொட்டும் மழை. ஜனவரியில் மாத மழை 60 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். வெட்டிய செடி மறுபடி பூக்க ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கிழமை எடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு நன்றாக வெட்டினால் தைப்பூசத்தை ஒட்டி நிறம் வரும். ஒவ்வொரு கொப்பிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, உள்ளே பின்னிக் கிடக்கும் காய்ந்த கொப்பை அடியோடு எடுங்கள். அந்தப் பூ கொட்டியதும் நுனியை மட்டும் லேசாகக் கத்தரித்துவிட்டால் மழை பிடிக்கும் முன் இன்னொரு சுற்று கிடைக்கும். மே வந்தால் சாடிகளைக் கூரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடுங்கள். ஆடிவேல் காலத்து இடைவெளியில் சில செடிகள் கொஞ்சம் பூக்கும், பூக்காவிட்டால் கோபிக்க வேண்டாம்.

வெட்டும்போது தடித்த கையுறையும் நீளக்கையும் அவசியம். முள் குத்திய இடமும் சாறு பட்ட இடமும் சிலருக்குத் தடித்துச் சொறியும்.

தடி ஊன்றிப் புதுக் கன்று

வெட்டியதில் பென்சில் தடிப்புள்ள முற்றிய கொப்புகளை எட்டு அங்குலத் துண்டுகளாக எடுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டி, இலையைக் களைந்து, ஆற்றுமணலும் தும்புத்தூளும் சம அளவில் கலந்த பையில் இரண்டு கணு புதையும்படி ஊன்றுங்கள். நிழலில் வையுங்கள். இது முருங்கைத் தடி அல்ல, நட்டதெல்லாம் பிடிக்காது. பத்து ஊன்றினால் மூன்று, நாலு வந்தால் நல்ல கை. துளிர் விட்டது என்று வேர் பார்க்க இழுத்தால் அந்த மூன்றும் போகும். இரண்டு மாதம் கையை வைக்காதீர்கள்.

வரக்கூடிய தொல்லைகள்

மழைக்காலத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்து, மண் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகுகிறது. சாடியைக் கூரைக்குள் எடுத்து, ஓட்டை அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பாருங்கள், மண் காயும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். வாடியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றுவதுதான் கொல்லும். வெள்ளைப் பஞ்சுப் பூச்சி வந்தால் குழாயில் வேகமாக அடித்துக் கழுவி, சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். எறும்பு ஏறுவதையும் மறியுங்கள், அந்தப் பூச்சியை எறும்புதான் காவல் காக்கிறது. இலை விளிம்பை இரவில் அரிக்கும் பச்சைப் புழுவை டோர்ச் அடித்துத் தேடிப் பொறுக்கினால் போதும். மற்றபடி இதற்கு நோய் குறைவு.

வெட்டிப் போட்ட முட்கொப்புகளை மட்டும் அப்படியே குப்பைப் பையில் திணித்து வெளியே வைக்காதீர்கள். வெறுங்கையோடு அதைத் தூக்க வருபவரின் உள்ளங்கையைக் கிழிக்கும். ஒழுங்கையில் சிந்தினால் ஓட்டோ ரயர் காற்றுப் போகும். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, அரையடித் துண்டுகளாக நறுக்கி, பழைய பத்திரிகைக் கடதாசியில் இறுக்கிச் சுற்றிக் கட்டி, எடுக்க வருபவரிடம் “முள்ளு இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லிக் கையில் கொடுங்கள்.